பரீட்சை அன்று மறியல் கிடையாது

ரகசியம் காப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு வியாழக்கிழமை மதியம், பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், நூற்று முப்பது விவசாயிகள் முன்னிலையில் முடிவுக்கு வந்தது.

நான் படித்தது ரெஸ்பிரேட்டரி தெரபி. மூச்சு விடத் திணறுகிறவர்களுக்கு வென்டிலேட்டர் வைத்து, அதன் அளவுகளைக் கூட்டிக் குறைத்துக் கவனித்துக்கொள்ளும் வேலை. (எங்கள் தெருவில் இதற்குப் பெயர் ‘மூச்சுப் படிப்பு’. “மூச்சு விடுறதுக்குமா நாலு வருஷம் படிக்கணும்?” என்று கேட்டவர்கள் உண்டு.) வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி வேலை தரத் தயாராக இருந்தது. அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் வேலையும் போச்சு.

முதல் தடவை அம்மா தெரு முழுக்கச் சொல்லி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து அனுப்பினாள். ஃபெயில். அப்புறம் ஒரு மாதம் துக்கம் விசாரிப்பதுபோல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மறுபடி எப்போது எழுதுவது என்பதிலோ ஆளுக்கொரு யோசனை.

“நடவு முடியட்டும் பாப்பா, நிம்மதியா எழுதலாம்” என்றார் அப்பா.

“ஆடி போகட்டும்” என்றாள் அம்மா.

“அதெல்லாம் வேணாம். சூட்டோட சூடா எழுதிடு, ஆறவிட்டா மறந்துடும்” என்றார் பள்ளிக்கூட வாத்தியாரான சித்தப்பா.

நான் யாரிடமும் மூச்சு விடாமல், கண்ணில் பட்ட முதல் தேதியைப் பதிவு செய்துவிட்டேன். நன்றாகப் படித்துவிட்டேன் என்பதால் அல்ல. தேறிவிட்டு வந்து, பழம் கொண்டுவந்தவர் மூஞ்சிக்கு நேராக சர்டிபிகேட்டை நீட்ட வேண்டும் என்று ஒரு வெறி. முதல் பரீட்சையின் மார்க் விவரம் மெயிலில் வந்திருந்தது. அதை நான் திறக்கவே இல்லை. (தோற்றதை விவரமாக வேறு படிக்க வேண்டுமா?)

அந்தச் சமயத்தில்தான் புறவழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தார்கள். நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிருக்குள் இறங்கி சர்வே கல் ஊன்றிவிட்டுப் போனார்கள். எங்கள் வயலில் மட்டும் நாலு கல். அப்பா ஒரு கழகம், சித்தப்பா எதிர்க் கழகம். தேர்தல் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கல்லைப் பார்த்த அன்று இருவரும் ஒரே வண்டியில் தாசில்தாரைப் பார்க்கப் போனார்கள். பலன் இல்லை. சாலை மறியல் என்று முடிவாயிற்று. தேதி குறிக்க விவசாயிகள் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில். சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர்.

செவ்வாயா வியாழனா என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. டீ கொண்டுபோன என்னிடம் அப்பா கேட்டார்.

“பாப்பா, வியாழக்கிழமை உனக்கு ஏதும் வேலை இருக்கா?”

என் பரீட்சை அந்த வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, திருச்சியில்.

“ஒண்ணும் இல்லப்பா” என்றேன்.

“அப்ப வியாழன்தான். பாப்பாவும் வரும்” என்று சங்கத்து நோட்டில் எழுதிவிட்டார்.

இதற்கும் நான் அசரவில்லை. மறியல் பத்து மணிக்கு. கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டு, நைசாக நழுவி, தஞ்சாவூர் பக்கம் சிறிது தூரம் நடந்தால் பஸ் கிடைக்கும். ஹால் டிக்கெட்டைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய் ரோட்டில் உட்கார்ந்தேன்.

கோஷம் போட வேண்டியவர் தொண்டை கட்டிப்போய் வந்திருந்தார். அப்பா மைக்கை என் கையில் திணித்தார்.

“ரெண்டே ரெண்டு போடு பாப்பா.”

“எடுக்காதே எடுக்காதே!” என்றேன். “விளைநிலத்தை எடுக்காதே!” என்று நூற்று முப்பது குரல்கள் திருப்பிச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததே இல்லை. இரண்டு இருபதாயிற்று, இருபது இருநூறாயிற்று. நுரையீரலைப் பற்றி நாலு வருஷம் படித்தவள், அதை முழுசாக உபயோகித்தது அன்றைக்குத்தான். மணி பார்த்தபோது பதினொன்றே கால். அதே நொடியில் ஒரு பெண் கான்ஸ்டபிளின் கை என் தோளில் விழுந்தது. போலீஸ் வேனில் முதல் ஆளாக ஏற்றப்பட்டவள் நான். ஏறும்போதும் கோஷம் போட்டுக்கொண்டே ஏறினேன் என்பதுதான் கொடுமை.

கைது செய்தவர்களை வைக்க எங்கள் ஊரில் கல்யாண மண்டபம்தான். ஆளுக்கொரு எலுமிச்சம் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே நான் ஓவென்று அழுதேன்.

“சாயங்காலம் விட்டுருவாங்க, இதுக்குப் போயி அழுவுறியே” என்றார் அப்பா.

“எனக்கு இப்ப பரீட்சைப்பா!”

போகாவிட்டாலும் அது ஒரு வாய்ப்புக் கணக்கு. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. விஷயம் பந்தி முழுக்கப் பரவ இரண்டு நிமிஷம் ஆயிற்று. மறியலை மறந்துவிட்டு மண்டபமே என் பரீட்சைத் தேதியைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்தது. அறுப்பு முடிந்து என்றார் ஒருவர். பொங்கல் கழித்து என்றார் இன்னொருவர். அடுத்த வாரமே என்று சித்தப்பா எழுந்து நின்று கத்தினார்.

என்னை வேனில் ஏற்றிய அந்தப் பெண் கான்ஸ்டபிள்தான் வாசலில் காவலுக்கு நின்றார்; என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும்.

“ஏங்க, போன தடவ எதுல மார்க் போச்சு?”

“தெரியாது. நான் பாக்கல.”

“நானும் எஸ்.ஐ. பரீட்சைல மொத தடவ எதுல போச்சுன்னு பாக்காமயே ரெண்டாவது எழுதினேங்க. அதே எடத்துல திரும்பவும் போச்சு. தொறந்து பாருங்க.”

போனை எடுத்து மெயிலைத் திறந்தேன். நான் பயந்து பயந்து மனப்பாடம் செய்த பகுதிகளில் எல்லாம் நல்ல மார்க். கவிழ்த்தது, எனக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே என்று நான் புரட்டிக்கூடப் பார்க்காத வென்டிலேட்டர் பகுதி. இன்று போய் எழுதியிருந்தாலும் அங்கேயேதான் விழுந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அப்பாடா என்றும் இருந்தது.

“எத்தினி நாள் வேணும் பாப்பா?” என்றார் அப்பா. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“ஆறு வாரம்” என்றேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அப்பா நோட்டை எடுத்து எழுதி, எழுந்து நின்று வாசித்தார். “ஆறாம் வாரம் புதன்கிழமை பாப்பாவுக்குப் பரீட்சை இருப்பதால், அன்று மறியல், முற்றுகை, உண்ணாவிரதம் எதுவும் நடத்துவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.” சித்தப்பா வழிமொழிந்தார். (வாழ்க்கையிலேயே அவர் அப்பாவை வழிமொழிந்தது அன்று ஒருமுறைதான்.) எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கான்ஸ்டபிளும் பேனாவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் வைத்துவிட்டார்.

தேறிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். சர்வே கற்கள் இன்னும் வயலிலேயே நிற்கின்றன. ரோடும் வரவில்லை, கல்லைப் பிடுங்கவும் ஆள் வரவில்லை. சங்கத்து நோட்டு மட்டும் நிரம்பி, இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

போன வருஷம் என் கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். மண்டபம் அதேதான். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தை நீட்டிக்கொண்டிருக்க, அப்பா கையை நீட்டாமல் என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, அன்னைக்கு உனக்கு ஏதும் வேலை இருக்கா? உண்மையச் சொல்லு.”