செவ்வாய்க்கிழமைப் பல்வலி

கிலியனுக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தவறாமல் பல் வலித்தது. மற்ற நாட்களில் அதே பல்லால் காய்ந்த ரொட்டியை நொறுக்குவார். செவ்வாய் விடிந்தால் போதும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரோப் காரில் ஏறிப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவார்.

கீழே அவருக்காகக் காத்திருந்தது பல் டாக்டர் அல்ல. வண்டி நிறுத்தும் கட்டடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால், பழைய போர்வை போர்த்திய சிவப்புக் கார்.

கார் வாங்கினால் என்ன குற்றமா? ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் அவர் ஊரான ஓபர்ஹால்டில் குற்றம்தான். அங்கே உப்பு மூட்டையானாலும் கல்யாணப் பெண்ணானாலும் சறுக்கு வண்டியில்தான் வீடு வந்து சேர வேண்டும். கார் வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் மேசையைத் தட்டியவரே கிலியன்தான். "என் வீட்டுக்குள் கார்ச் சாவி நுழைந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன்!" என்று முழங்கினார். அந்த வாரம்தான் மனைவி ரெகுலா, அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் அக்காவைப் பார்த்துவர ஒரு குட்டிக் கார் கேட்டிருந்தாள். சூப் ஆறும் வரை அவளுக்கும் உபதேசம் நடந்தது.

அப்படிப்பட்டவருக்கு அறுபது வயதில் ஆசை வந்தது. மாற்றுச் சாவி பனிச்சறுக்கு பூட்சுக்குள் ஒளிந்தது. ஆனால் கையையும் கண்ணையும் எங்கே ஒளிப்பது?

"ஏங்க, யாரைத் தேடறீங்க?" என்றாள் ரெகுலா ஒருநாள், தெருவில்.

"யாரையும் இல்லியே."

"பின்ன ஏன் தெருவைத் தாண்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எட்டிப் பாக்கறீங்க?"

"மாடு வருதான்னு பாத்தேன்."

"பனிக்காலத்துலயா? மாடெல்லாம் தொழுவத்துல படுத்து அசை போடுது."

"அவுத்துக்கிட்டு வந்துட்டா?"

"உங்களைப் பாக்கவா?"

வீட்டில் இன்னும் மோசம். சமையலறை பெஞ்சில் உட்கார்ந்ததும் இடது தோளுக்கு மேல் கை போய் கார் சீட் பெல்ட்டைத் தேடும். "சுளுக்கு" என்பார். ரெகுலா தைலம் தேய்த்துவிடுவாள்.

அடுத்த செவ்வாய் கீழே போனார். கார் இல்லை! போர்வை மட்டும் நாலாக மடித்து ஓரமாக இருந்தது. திருடன் நல்ல குடும்பத்துப் பிள்ளை போலிருக்கிறது. போலீசுக்குப் போனால் அவர் மலையேறுமுன் சேதி ஏறிவிடும். தூணைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் அழுதார்.

திரும்பி ரோப் காரில் வரும்போது பார்த்தால், மனசு லேசாக இருந்தது. கார் இல்லை. ஆகவே பொய் இல்லை, சுளுக்கு இல்லை, மீசைக்கு ஆபத்தும் இல்லை. அப்பாடா! வழியில் வால்நட் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பல்லு என்னாச்சு?"

"புடுங்கியாச்சு ரெகுலா! இனிமே அந்தத் தொல்லையே இல்ல."

"வாயைத் திறங்க, பாப்போம்."

"காத்து படக் கூடாதாம்" என்றார் கிலியன், கேக்கை மென்றுகொண்டே.

ரெகுலாவும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை இடது தோளுக்கு மேல் போனது. எதையோ தேடியது. காற்றைப் பிடித்து இடுப்புவரை இழுத்தது.

கிலியன் மெல்லுவதை நிறுத்தினார்.

"ரெகுலா... இப்ப என்ன பண்ணின?"

"அட, எனக்கும் அந்தச் சுளுக்கு வந்துடுச்சா!"

"அப்ப, கார்?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அக்கா வீட்டு வாசல்ல நிக்குது. நேத்து போனேனே! திரும்பறப்ப ஒரே பனி. ரயில்ல வந்துட்டேன்."

"லைசென்சு?"

"நீங்க மேசையைத் தட்டின வருஷமே எடுத்தாச்சு. கார் ஒண்ணுதான் பாக்கி. அதையும் நீங்களே வாங்கிட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம ஊர்ல ரெண்டு பக்கமும் பாத்துத் தெருவைத் தாண்டற மனுஷன் வேற யாருங்க? அப்புறம் பூட்ஸையெல்லாம் உதறிப் பாத்தேன், சாவி விழுந்துது. கீழ போய்ப் போர்வையைத் தூக்கினேன், கார் இருந்துது."

குரலில் கோபமே இல்லை. கிலியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கார் திருடு போகவில்லை; பெண்டாட்டி முறைக்கவும் இல்லை. கை மெதுவாக மீசைக்குப் போனது.

"ஊர்க்கூட்டத்துல சொல்லிடமாட்டியே?"

"சேச்சே! புருஷனை விட்டுக்கொடுப்பேனா?" என்று காப்பியை ஊற்றினாள் ரெகுலா. "நியாயமாப் பங்கு போட்டுக்கலாம். மீசையை நீங்க வச்சுக்கங்க. காரை நான் வச்சுக்கறேன்."