சிப்பாயின் துப்பாக்கிக்கு நான் வாங்கிய அனுமதி

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத அனுமதியை நானாகவே போய் வாங்கி வைத்துக்கொள்வேன். அது முற்றியது தொண்ணூறுகளின் நடுவில், ரங்கூனில், எனக்குக் கல்யாண ஆசை வந்திருந்த சமயத்தில்.

ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில், தன்லியினில், எங்கள் முனீஸ்வரர் கோவில் வாசலில் ஒரு சிமெண்டுச் சிப்பாய் காவல் நிற்பார். வெள்ளைக்காரன் காலத்துத் தொப்பி, முறுக்கு மீசை, கையில் மரத் துப்பாக்கி. ஆடித் திருவிழா நெருங்கும்போது பார்த்தால், துப்பாக்கியைக் கரையான் தின்றிருந்தது. ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் ஓர் ஆசாரியிடம் புதிதாகச் செய்யச் சொன்னார் தர்மகர்த்தா வேலாயுதம். "நான் போய்க் கொண்டாரேன் மாமா" என்று முந்திக்கொண்டேன். (மாமா என்றது அவர் மகள் செல்விக்காக!)

"பூசைக்கு முந்தி சிப்பாய் கையில துப்பாக்கி இருக்கணும் தம்பி. மத்த பேச்செல்லாம் அப்புறம்" என்றார். மற்றப் பேச்சு எதுவென்று இருவருக்கும் தெரியும்.

ஆசாரி கறுப்புச் சாயமெல்லாம் பூசி, அசல் துப்பாக்கி போலவே செய்துவிட்டார். ராணுவ ஆட்சி நடக்கும் ஊரில் இதைத் தூக்கிக்கொண்டு போவதா?

"மரக்கட்டைதானேப்பா. சாக்குல சுத்திக்கிட்டுப் போ" என்றார் ஆசாரி.

நான் கேட்பேனா? நேரே வட்டார ஆபீசுக்குப் போய், தலைவர் ஊ தெய்னிடம் கெஞ்சிக் கடிதம் வாங்கினேன். 'கோ சின்னையா துப்பாக்கி ஒன்றை எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறார்.' ('கோ' என்றால் பர்மியத்தில் 'திரு'.) கீழே சிவப்பு முத்திரை. அந்த முத்திரை தந்த மிடுக்கில், 'மர' என்ற சொல் விடுபட்டதை நான் கவனிக்கவில்லை.

நான் ஏறிய லைன்கார் பஸ்ஸை ஆற்றுப் பாலத்துச் சாவடியில் நிறுத்தினார்கள். காவலர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "கட்டையா? சரி, போ" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அனுமதி இருக்கு சயா!" என்று பர்மியத்தில் ஐயா போட்டுக் கடிதத்தை நீட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அதிகாரியைக் கூட்டி வந்தார்.

"துப்பாக்கிக்கு அனுமதி தர வட்டாரத் தலைவர் யாரு? அது மேலிடத்து அதிகாரம்" என்றார் அதிகாரி.

"இது மரம் சயா. தட்டிப் பாருங்க."

தட்டினார். "மரம்தான். ஆனா முத்திரை துப்பாக்கின்னு சொல்லுதே! முத்திரையை நான் மறுக்க முடியுமா?"

ஊ தெய்னுக்குப் போன் போனது. "என் வட்டாரத்துல கெளம்பின பொருளுக்கு நான்தான் அதிகாரி!" என்று அவர் கத்தியது பஸ் வரை கேட்டது. "பாலம் உங்க வட்டாரம் இல்லையே!" என்று இவர் திருப்பிக் கத்தினார். பயணிகள் இரண்டு கட்சியானார்கள். கருவாட்டுக் கூடைக்காரம்மா ஊ தெய்ன் கட்சி.

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. துப்பாக்கி மேலிடத்து அதிகாரம், விறகு வட்டார அதிகாரம். ஆகவே அதை விறகாக்கிவிட்டால் ஊ தெய்னின் கடிதமே போதும். பக்கத்து டீக்கடையில் ரம்பம் வாங்கி, என் கையாலேயே மூன்று துண்டாக அறுத்தேன். அதிகாரி கடிதத்தில் 'துப்பாக்கி'யை அடித்து, 'விறகு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கோவிலுக்குள் ஓடியபோது மேளம் தொடங்கியிருந்தது. ஆணியடித்து ஒட்டிவிடலாம் என்று, துண்டுகளை மடப்பள்ளி ஓரமாக வைத்துவிட்டுச் சுத்தியல் தேடிப் போனேன். திரும்பி வந்தால் துண்டுகளைக் காணோம். பொங்கல் பானைக்கு அடியில் துப்பாக்கிக் குழல் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் செல்வி.

"மழையில எல்லா வெறகும் நனைஞ்சு கெடக்கு. இது ஒண்ணுதான் காஞ்சது. யாரு கொண்டாந்தது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கல்யாணம்தான் அங்கே எரிகிறது என்று நினைத்தேன். அங்கே வந்த தர்மகர்த்தாவிடம் கடிதத்தை நீட்டினேன்.

படித்தார். "வெறகுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. எம்பொண்ணு மேல என்ன தப்பு?" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் கையிலிருந்த குடையைச் சுருட்டிச் சிப்பாயின் கையில் செருகிவிட்டுப் பூசையைத் தொடங்கச் சொன்னார்.

மற்றப் பேச்சு தையில் முடிந்தது. சிப்பாய் இன்றும் குடையோடுதான் நிற்கிறார். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அவருக்குக் குடை நேர்ந்துகொள்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். நான் மழைக்குக் குடையை எடுக்கும்போதெல்லாம் செல்வி உள்ளேயிருந்து கேட்பாள்:

"ஏங்க, அதுக்கு லெட்டர் வாங்கிட்டீங்களா?"