டிங் என்று சொன்ன கல்லீரல்

செராமிக் தொழில் செய்கிறவரைக் கட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கு வருகிற பெண்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு வியாதி வந்துவிடும். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் அச்சில் ஊற்றிச் சூளையில் வைத்துச் சுட்டெடுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான், மாணவர்களைப் போதையிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

நான் உயிரியல் ஆசிரியை. பதினோராம் வகுப்பில் முருகவேல் என்ற பையனை எழுப்பி, கல்லீரலின் வேலை என்ன என்று கேட்டேன். "ம்ம்" என்றான். மறுபடி கேட்டேன். இன்னும் பணிவாக "ம்ம்" என்றான். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று தட்டிக்கொடுத்து உட்காரச் சொன்னேன். (மனித உடலைப் பற்றி முதுகலை வரை படித்தவள் நான்.) அடுத்த பீரியடில் பி.டி. வாத்தியார் அவன் கீழுதட்டை இழுத்துப் பார்த்து, உள்ளே ஒதுக்கி வைத்திருந்த புகையிலைப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

தலைமையாசிரியர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் அவன் அம்மா வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றார். முந்திரி உடைக்கிற வேலை. கொட்டையின் பால் பட்டு விரல்களெல்லாம் கருத்துப் போயிருந்தன.

"ஸ்கூல வுட்டு மட்டும் அனுப்பிடாதீங்க டீச்சரம்மா. வூட்ல இருந்தான்னா அவங்கப்பாகூட சேர்ந்துக்குவான். அந்த ஆளு சாயங்காலமானா குடிக்கத் துணைக்கு ஆளு தேடிக்கினு இருக்காரு."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. வந்ததை உடனே துரத்திவிட்டு, தலைமையாசிரியரிடம் போனேன். ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறேன், பையன் திருந்திவிடுவான் என்றேன்.

"மாவட்டத்திலேர்ந்து மேடம் வராங்க. அவங்க முன்னாடியே நடத்துங்க" என்றார் அவர். "கூட்டம் நல்லபடியா முடிஞ்சா டி.சி. இல்ல. சொதப்புச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

அன்று மாலையே என் வீட்டுக்காரரின் ஷெட்டுக்குப் போய் நின்றேன். அவர் அகல் விளக்கு, பிள்ளையார், உண்டியல், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று பீங்கானில் எல்லாம் செய்வார்.

"ரெண்டு கல்லீரல் வேணுங்க. ஒன்னு நல்லது. இன்னொன்னு குடிச்சுக் கெட்டுப்போனது. பாத்தாலே பசங்களுக்கு வயித்தைப் புரட்டணும்."

"இவ்ளோதானே. பிள்ளையாருக்கே தொந்தி வைக்கிறவன் நானு" என்றார்.

இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அசிங்கமான பொருள் எதையும் அவர் கை செய்யாது. எங்கள் வீட்டு எலிப்பொறிக்குக்கூட ஓரத்தில் பூ வரைந்து வைத்திருந்தவர். இது தெரிந்தும் அவரை நம்பினேன். நன்றாகப் பயந்தவர்கள் யாரையாவது நம்பத்தான் செய்வார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரம். சூளை முழுக்க அகல் விளக்கு. அதற்கு நடுவில் என் இரண்டு கல்லீரல்களையும் எப்படியோ இடுக்கி வைத்தார். கூட்டத்தன்று காலை வரை சூளை ஆறவில்லை. நான் போனில் கத்திய கத்தலில், சூடு இறங்கும் முன்பே திறந்து, சாக்கில் சுற்றி, டூ வீலரில் கொண்டுவந்து மேடை மேஜையில் வைத்து, சிவப்புத் துணியைப் போட்டு மூடினார்.

"எப்பிடி வந்திருக்குது?" என்று கேட்டேன்.

"நீயே அசந்துடுவ பாரு" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பித்தது. பாதியில் துணிக்கு அடியிலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம். (ஆறாத பீங்கானைக் காற்றில் வைத்தால் மேல்பூச்சில் இப்படி விரிசல் விட்டுச் சத்தம் கேட்கும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். தலைமையாசிரியருக்குத் தெரியாது.) பாட்டு முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் செல்போனை அணைச்சு வைங்க."

டிங்.

"டீச்சருங்களும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அதிகாரி மேடம் முதல் வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், தப்பி ஓடாமல் இருக்க, முருகவேல். நான் கம்பீரமாக எழுந்து, "மாணவர்களே, இவற்றில் எது குடிகாரரின் கல்லீரல் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று துணியை உருவினேன்.

உருவிய பிறகுதான் நானே பார்த்தேன்.

நல்ல கல்லீரல் தீ படுகிற மூலையில் இருந்திருக்கிறது போலும். ஒரு பக்கம் கருகி, மேலெல்லாம் கொப்புளித்து, போதாக்குறைக்கு ஓர் அகல் விளக்கு அதன்மேல் ஒட்டிக்கொண்டு கட்டி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. கெட்டுப்போன கல்லீரலைப் பற்றி என்ன சொல்ல. அதன் முண்டு முடிச்சுகள் ஒவ்வொன்றையும் அவர் அவ்வளவு பொறுமையாக இழைத்திருந்தார். தேன் நிறமும் பச்சையும் கலந்து வழிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நகைக்கடையில் வைத்தது போல் ஜொலித்தது.

மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கருகியதைக் காட்டினார்கள்.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அது குடிக்காதவருடையது."

முருகவேல் கையைத் தூக்கினான். அவன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது அன்றுதான்.

"டீச்சர், அப்ப குடிச்சா இப்பிடி மின்னுமா?"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. மேடம் ஏதோ எழுதினார். தலைமையாசிரியர் முருகவேலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். டி.சி.யில் கையெழுத்துப் போட்டுவிட்ட பார்வை அது. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர், வேலைப்பாட்டைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள் என்று நினைத்து, லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மனப்பாடம் செய்திருந்த உரை மொத்தமும் மறந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே முந்திரிக்கார அம்மா நிற்பது மட்டும் தெரிந்தது. வாயில் வந்ததைப் பேசினேன்.

"மின்னாதுடா. எங்கப்பாவுக்கு இதே வியாதி. ரெண்டு கண்ணும் மஞ்சக் கெழங்கு மாதிரி ஆயிடுச்சு. என் கல்யாணத்துல அதை யாரும் பாத்துடக் கூடாதுன்னு நாள் பூரா கூலிங் கிளாஸ் போட்டுக்கினு இருந்தாரு. மாப்பிள்ளையைவிட மாமனாருதான் ஸ்டைலா இருக்காருன்னு எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. அவரும் சிரிச்சாரு. ஆல்பத்துல ஒரு போட்டோலகூட எங்கப்பா கண்ணு இல்லடா. அடுத்த பொங்கலுக்கு அவரே இல்ல."

இதை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட, அப்பாவுக்குக் கண்வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கல்லீரலைப் பீங்கானில் செய்யச் சொன்னதே, இதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் என்று அந்த இடத்தில் நின்றபோது புரிந்தது.

டிங்.

அதைத் தொடர்ந்து "படக்" என்று பெரிதாக ஒன்று. ஜொலித்துக்கொண்டிருந்த கல்லீரல் சரிபாதியாகப் பிளந்தது. ஒரு பாதி உருண்டு, மேடையிலிருந்து விழுந்து, முருகவேல் காலடியில் போய் நின்றது. அவன் எழுந்து, அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான். சூடு இன்னும் இருந்திருக்க வேண்டும். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தானே தவிர, கீழே வைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"முதல்ல தப்பா ஊகிக்க வச்சு, அப்புறம் சரியா அந்த எடத்துல உடைய வச்சீங்க பாருங்க. டைமிங் எப்படி செட் பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர், "ரொம்ப நாளா ஒத்திகை பாத்தோம் மேடம்" என்றார். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

ஆனால் என் வினை நிற்கவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் இதே நிகழ்ச்சியை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இந்த முறை என் வீட்டுக்காரருக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. பதமாகச் சுட்டு, பக்குவமாக ஆறவைத்து, காலத்துக்கும் உடையாத கல்லீரலாகச் செய்து கொடுத்தார். வேப்பூரில் கூலிங் கிளாஸ் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கல்லீரலைப் பார்த்தேன். கூட்டமே பார்த்தது. அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. "இப்ப உடையும்னு சொன்னாங்களே" என்று ஓர் ஆசிரியர் மைக்கிலேயே கேட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் யாரும் பார்க்காத நேரம் முழங்கையால் லேசாகத் தள்ளிவிட்டேன். அங்கிருந்த தமிழய்யாவின் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. கல்லீரலுக்கு ஒரு கீறல் இல்லை. அவர்தான் நொண்டிக்கொண்டே நன்றியுரை சொன்னார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் வீட்டில் நான் எதற்காவது நீளமாக அறிவுரை சொல்ல ஆரம்பித்தால், எட்டாவது படிக்கும் என் மகள் யாழினி மெதுவாக "டிங்" என்பாள். அவள் அப்பா "படக்" என்பார். அத்தோடு என் உரை முடிந்துவிடும். பிளந்ததில் முருகவேல் எடுத்துப்போனது போக மிச்சமிருந்த பாதி, கூலிங் கிளாஸ் போட்ட அப்பாவின் படத்துக்குக் கீழே அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் எந்த ஊர் மலை என்று விசாரிப்பார்கள். "அது தாத்தாவோடது" என்பாள் யாழினி. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

முருகவேல் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி காலையில் போன் செய்வான். வாழ்த்தெல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் "டிங்" என்பான். போதை எதையும் தொடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இந்தத் தீபாவளிக்குக் காலையில் போன் வரவில்லை. மதியமும் வரவில்லை. வேலையாக இருப்பான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டவரும் அவர்தான். நான் அதிரசத்தைக் கருக்கினேன். தெருவில் விளக்கு போடுகிற நேரத்துக்கு மணி அடித்தது.

"டிங், டீச்சர்."

"ஏன்டா இவ்ளோ நேரம்?"

"ரூம்ல பசங்க காலையிலேயே பாட்டில் தொறந்துட்டாங்க டீச்சர். போனும் அங்கயே சார்ஜ்ல கெடந்துச்சு. உள்ள போனா புடிச்சு ஒக்கார வச்சுடுவாங்கன்னு வெளியவே சுத்திக்கினு இருந்தன். இப்பதான் எல்லாரும் தூங்குறாங்க. போனையும் நம்ம பாதியையும் எடுத்துக்கினு மாடிக்கு வந்துட்டன்."

என் வீட்டுக்காரர் போனுக்குப் பக்கத்தில் வந்து, "மேல்பூச்சு போயிடுச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன்.

"இன்னும் மின்னுது டீச்சர்" என்றான் முருகவேல். "எங்க ரூம்ல மின்னுறது அது ஒன்னுதான்."