நூறு மீற்றருக்குள் ஒரு பள்ளிக்கூடம்

மதிப்புக்குரிய அத்தான் நடேசன் அவர்கட்கு,

ஜேர்மனியிலிருந்து மைத்துனன் உருத்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. நானும் சுகன்யாதேவியும் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். உங்கள் சீனி வருத்தமும் கமலநாயகி அக்காவின் கோபமும் கட்டுக்குள் நிற்க நல்லூரான் துணையிருப்பான் என்று நம்புகிறேன்.

நீங்கள் பன்னிரண்டு வருடங்களுக்கு முதல் எங்களிடம் வந்து நின்றபோது, நான் தலைமை ஆசிரியராக இருக்கும் தமிழ்ப் பாடசாலையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கும். தேவாலயத்துக்காரரிடம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் அந்த மண்டபத்தின் வாசலில் நின்று, ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் என்ற முறையில் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொன்னீர்கள். "மூர்த்தி, இது பள்ளிக்கூடமில்லை, சனிக்கிழமைப் பொழுதுபோக்கு" என்றீர்கள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். எங்களுடையது பள்ளிக்கூடம்தான் என்று ஜேர்மன் நகரசபையே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கு வழி திறந்துவிட்டது கஞ்சா. மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே வாசியுங்கோ.

இங்கே இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு சித்திரையிலிருந்து பதினெட்டு வயது தாண்டினவர்கள் கஞ்சா புகைக்கலாம். ஆனால் இது ஜேர்மனி அத்தான், ஒன்றை விட்டால் ஒன்பதைப் பிடிப்பார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று புகைக்கக் கூடாது, கடைத்தெருவில் காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை கூடாது, பள்ளிக்கூடம், விளையாட்டு முற்றம், சிறுவர் நிலையம் இவற்றின் வாசல் கண்ணுக்குத் தெரிகிற நூறு மீற்றருக்குள் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு இளந்தாரி ஊதிக்கொண்டு நின்றான். நான் ஜேர்மன் மொழியில் ஏசத் தொடங்க, அவன் கையைப் பின்னால் கொண்டுபோய், "வணக்கம் சேர், இஞ்சை நிண்டு புகைக்கிறது பிழையோ?" என்று கேட்டான். பார்த்தால் எங்கள் கார்த்திகன். பத்தாம் வகுப்பு வரை எங்களிடம் படித்து, எழுத்துப் பரீட்சையில் தொண்ணூற்றெட்டு எடுத்தவன், இப்போது இருபத்தாறு வயது, பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். அந்தப் 'பிழை'யில் இருந்த ழகரம், அத்தான், அவ்வளவு புகைக்குள்ளாலும் நாக்கு மடிந்து சுத்தமாக வந்தது. உங்கள் கல்வி வலயத்துப் பிள்ளைகளுக்கு அது வருமோ தெரியாது.

"பிழைதான்ரா, இது பள்ளிக்கூடம்" என்றேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "இல்லை சேர், பதிவிலை இது சங்கம் எண்டுதான் கிடக்கு. பள்ளிக்கூடம் எண்டால் நான் போயிடுவன்." உங்கள் வாயால் கேட்டதையே என் மாணவன் வாயாலும் கேட்க வேண்டி வந்தது. அன்று பின்னேரமே நகரசபையில் ஒழுங்கு விதிகளைப் பார்க்கிற கந்தோருக்கு அன்ராக் எழுதினேன், விண்ணப்பத்துக்கு இங்கே நாங்கள் சொல்லும் பெயர் அது. மகள் சாரங்கா, "அப்பா, நான் அரைப் பக்கத்திலை எழுதித் தாறன்" என்றாள். முப்பத்தாறு வருடம் இந்த நாட்டில் இருக்கிறவனுக்கு உதவி எதற்கு. பதினொரு பக்கம் எழுதினேன். தமிழின் தொன்மைக்கு நாலு பக்கம், கலைவிழாப் படங்களுக்கு ஆறு பக்கம், வகுப்பு சனி காலை சரியாகப் பத்து மணிக்கு என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடும் இழுத்துவிட்டேன்.

பிறகு நூறு மீற்றரை நாங்களே அளந்தோம். இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய ஐம்பது மீற்றர் நாடா எங்களிடம் இருக்கிறது, வேறெந்தப் பொழுதுபோக்கில் அது இருக்கும் சொல்லுங்கோ. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் கார்த்திகனையே கூப்பிட்டேன். தன்னைத் துரத்துகிற கோட்டைத் தானே இழுத்துப் பிடித்து, "சேர், நாடா தொய்யுது, வடிவா இழுங்கோ" என்று என்னைத் திருத்தினான். நூறாவது மீற்றர் பஸ் தரிப்பிடத்தில் போய் விழுந்தது. அன்று தொடக்கம் அவன் அங்கேதான் நின்று புகைக்கிறான். சட்டத்தை மதிக்கிற பிள்ளை. நாங்கள் வளர்த்த வளர்ப்பு.

போன கிழமை பதில் வந்தது. நகரசபைச் சின்னம், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருந்தன. 'மதிப்புக்குரிய திரு உருத்திரமூர்த்தி' என்று என் பெயரை ஓர் எழுத்தும் விழுங்காமல் எழுதியிருந்தார்கள், இந்த நாட்டில் அது முதல் தடவை. சிறுவர் பாதுகாப்பில் நான் காட்டும் அக்கறைக்கு நன்றி என்றும், 'உங்கள் தமிழ்ப் பாடசாலை' என்றும் அச்சில் கிடந்தது. அடுத்த நாளே கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டி, விளக்கேற்றி, பாராட்டு விழா வைத்தோம். சங்கத் தலைவர் அலோசியஸ் நாற்பது நிமிடம் பேசினார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கார்த்திகன் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே கை தட்டியது நூறு மீற்றர் தாண்டி உள்ளே கேட்டது, நான் வெட்கமில்லாமல் அழுதுபோட்டன் அத்தான்.

இந்தக் கடிதத்தை வாசிகசாலையில் உங்களோடு இருக்கிற ஓய்வூதியக்காரர் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கோ. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், சீனி போடாத தேநீரைக் குடிக்கும் மனத்திடமும் கிடைக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
க. உருத்திரமூர்த்தி
தலைமை ஆசிரியர் (நகரசபை அங்கீகாரம் பெற்ற பாடசாலை)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சாரங்கா மண்டபத்துக்கு வந்து சட்டத்தைப் பார்த்தாள். "அப்பா, கீழை 'பக்கம் ஒண்டு, மொத்தம் ரெண்டு' எண்டு கிடக்கு. ரெண்டாவது எங்கை?" அது முதலாவதுக்குப் பின்னால், கண்ணாடிக்குள் இருந்தது. கழற்றி வாசித்தாள். அதிகாரி மூன்று சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்து இருபது நிமிடம் காத்து நின்றாராம். பிள்ளை ஒன்றுமில்லை, ஆசிரியர் ஒருவருமில்லை, கதவு பூட்டு. வாசலில் ஒரு இளைஞர் மட்டும், கையில் ஒன்றுமில்லாமல் நின்றாராம், இது என்ன இடம் என்று கேட்டதற்கு "என்னுடைய பள்ளிக்கூடம்" என்றாராம். அவருக்கு வயது இருபத்தாறு என்பதால் அது போதாதாம். வருகிற சனி பத்து மணிக்கு மறுபடி வருவார்கள், அப்போதும் பிள்ளைகள் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. வகுப்பு எட்டு மணிக்கு என்று எல்லாப் பெற்றோருக்கும் அறிவித்துவிட்டேன், அப்பதான் பத்துக்கு நாலு பேராவது வருவினம். கடிதத்தை வாசிகசாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு ஆரிட்டை இருந்தது எண்டு மட்டும் கேளாதேங்கோ.