பயற்றம் பணியார வாளி

பொங்கல் முடிந்த கையோடு சமூகத் தொண்டு செய்வதென்று தீர்மானித்தேன். சனிக்கிழமை மத்தியானம் என் குறட்டை கேட்காத வீடு எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையில் இல்லை. அந்த நித்திரையையே துறந்தேன் என்றால் சும்மா இருக்குமா?

காரணம், மனைவி கனகேஸ்வரியின் பயற்றம் பணியாரம். இருபது வருஷமாகப் பஞ்சுபோலச் சுட்டவள். இந்தப் பொங்கலுக்குச் சுட்டது கருங்கல். ஒன்றைக் கடித்தேன், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் கையில் வந்துவிட்டது. வாளியில் இன்னும் நாற்பது கிடந்தன.

"இன்னும் ரெண்டு எடுங்கோவன்."

"வயிறு நிரம்பிட்டுதப்பா."

"அப்ப நாளைக்குச் சாப்பிடுங்கோ. இது முடியுமட்டும் வேற பலகாரம் சுடமாட்டன்."

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில், வவுனியா அகதி முகாம்களுக்கு அனுப்பச் சாமான் சேர்த்தார்கள். கிறிஸ்மஸுக்கும் பொங்கலுக்கும் வாங்கி மிஞ்சிய அரிசி, பருப்பு, மீன் டின் எல்லாம் அங்கே குவிந்தன. வாளியை அந்தக் குவியலில் தள்ளிவிடலாம். இடம்பெயர்ந்த சனத்துக்குக் கல்லைக் கொடுப்பதா என்று மனம் உறுத்தத்தான் செய்தது. தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிடட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கனகேஸ், நான் தொண்டு செய்யப் போறன்."

"நீங்களோ? சனிக்கிழமையோ?"

"சனம் பசியோட கிடக்கேக்க எனக்கென்ன நித்திரை?"

அவள் பெரிய பையொன்று எடுத்துத் தந்தாள். வாளி அதற்குள் அளவெடுத்ததுபோல இருந்தது.

வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸால் இறக்கி வாளியைத் திறக்கச் சொன்னார்கள். பலகாரம் என்று சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். திருப்பி உள்ளே வைத்தார். அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல், பாவம் பார்த்து அனுப்பிவிட்டார்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக பேர்ணடெற் என்றொரு அம்மா இருந்தார். வாளியை வாங்கிக் குவியலில் வைக்காமல் மேசையில் வைத்தார்.

"சுட்ட சாமான் லொறியில போகாது தம்பி. வழியில பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பினம், பழுதாப் போகும். இது சாக்குத் தூக்கிற ஆக்களுக்குத் தேத்தண்ணியோட."

"சாக்குத் தூக்கிறது ஆர்?"

"இண்டைக்கு நீங்கள் மட்டுந்தான்."

பதினெட்டு மூட்டை தூக்கினேன். நடுவில் தேத்தண்ணியும் என் பணியாரமும் வந்தன. ஊறவைத்தும் பார்த்தேன். ஊறவில்லை.

புறப்படும்போது பேர்ணடெற் மிச்சப் பணியாரத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். அடியில் 'க. தில்லைநாதன்' என்று என் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் ஆட்கள் கரண்டிக்கும் பெயர் வெட்டுபவர்கள். அது எனக்கு மறந்துபோய்விட்டது.

"வாளியைக் கனகேஸிட்டக் குடுங்கோ. நாங்கள் ஒண்டாப் படிப்பிச்சனாங்கள். வெறுமையா அனுப்பக்கூடாது, கேக் வச்சிருக்கிறன். அடுத்த சனியும் நேரத்துக்கு வாங்கோ."

"அடுத்த சனியோ? நான் பேர் தரேல்லையே!"

கொப்பியைத் திறந்து காட்டினார். பங்குனி வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் என் பெயர். கனகேஸ்வரியின் கையெழுத்து.

"மார்கழியிலயே எழுதிப்போட்டா. கேட்டா வரமாட்டார், பொங்கலுக்குப் பிறகு தானா வருவார் எண்டவ."

வீட்டுக்கு வந்தேன். என் சாய்மனைக் கதிரையில் கனகேஸ்வரி நல்ல நித்திரை. பக்கத்துத் தட்டில் பஞ்சுபோலப் பயற்றம் பணியாரம், எனக்கென்று ஒன்று மிச்சம் வைத்திருந்தாள்.