ஆயில் ஒழுக்கும் என் ஓட்டமும்

காலில் மாவுக்கட்டோடு இருந்த என் மாமனாரை, அலறிக்கொண்டிருந்த ஒரு லாரிக்குள் விட்டுவிட்டு நான் ஓடியிருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போகிறது. (கடைசியாகக் கேட்டபோது எண்ணூர் வரைக்கும் போயிருந்தேன்.)

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாமனார் சூசைராஜ் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதைப் பற்றித்தான்.

"டிப்ளமால இன்னாமா கத்துக்கினே?"

"இன்ஜினையே முழுசாப் பிரிச்சு மாட்டுவேன் மாமா" என்றேன்.

எங்கள் கல்லூரியில் இருந்தது பாதியாக வெட்டி, சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்து மேஜைமேல் வைத்த இன்ஜின். அதைத் துணியால் துடைத்திருக்கிறேன். அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ஆகவே அது ஒழுகியதும் கிடையாது.

மாமனாரிடம் ஒரே ஒரு லாரி. ஆறு சக்கரம். மணலித் தொழிற்சாலைகளிலிருந்து துறைமுகத்துக்கு டிரம் ஏற்றிப் போவார், ஓட்டுவதும் அவரேதான். அதிகம் பேசமாட்டார். பிடிக்காதது ஏதாவது நடந்தால் இடது புருவத்தை மட்டும் தூக்குவார். அந்தப் புருவத்துக்குப் பயந்து புகுந்த வீட்டில் நான் குழாயைக்கூடச் சத்தம் வராமல் மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர் ஒருநாள் லாரிமேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டார். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் கட்டு. அந்த நேரம் பார்த்து மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி புது வேலை கொடுத்தது. ஓட்டுவதற்கு வேறொரு டிரைவரையும் பேசியாயிற்று. மறுநாள் காலையில் லாரியைக் கம்பெனி வாசலில் காட்ட வேண்டும். அங்கே ஒருவர் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்ப்பாராம்.

"ஒரு சொட்டு ஆயில் ஒழுகினாலும் உள்ள வுடமாட்டான். நெருப்புப் புடிக்கிற எடம்" என்றார் மாமனார்.

அதைச் சொன்ன அன்று காலையில்தான் லாரிக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் கிடந்தது. வழக்கமாக வரும் மெக்கானிக் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். மாமியார் நாத்தனாரின் பிரசவத்துக்காக மணலி புதுநகரில் இருந்தார். என் கணவர் ஜெரால்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அன்றைக்குப் பகல் ஷிப்டு. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ எதையும் தொடாத. சாயங்காலம் நான் யாரையாச்சும் இட்டுகினு வரேன்" என்றார்.

சரி என்றேன். (சொன்னது வாய் மட்டும்தான்.) ஏனென்றால் மாமனார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். புருவம் மெதுவாக மேலே போயிற்று.

"நான் பாக்கறேன் மாமா" என்றேன்.

லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே நின்று பார்க்கிற லாரி வேறு, அடியில் படுத்துப் பார்க்கிற லாரி வேறு. ஒரு மாடி வீட்டை யாரோ என் நெஞ்சுக்கு ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்திருப்பதுபோல இருந்தது. பிடித்தவர் கை மாற்றினால் நான் அவ்வளவுதான். கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு டார்ச் அடித்தேன்.

எண்ணெய் இன்ஜினுக்குப் பின்பக்கத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து சொட்டினால் கியர் பெட்டியையே இறக்க வேண்டியிருக்கும் என்று அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொரு வீடியோவில் வேறொருவர், எண்ணெய் மேலே கசிந்து கீழே வந்துதான் சொட்டும், சொட்டுகிற இடத்தை நம்பக்கூடாது, இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டுப் பவுடர் தூவி ஓடவிட்டுப் பார் என்றார். அவரைக் கர்த்தரே அனுப்பியதாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் லாரியில் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, கேபினுக்குள்ளேயே இன்ஜினின் மேல்மூடி இருக்கும். அதைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் டீசலும் துணியுமாக இன்ஜினைத் துடைத்தேன். பிறகு மாமனாரின் வேர்க்குருப் பவுடரை ஒரு டப்பா முழுக்கத் தூவினேன். சாவியைத் திருப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். இன்ஜின் முழுக்க வெள்ளையாக இருக்க, மேலே, இன்ஜினோடு போல்ட் போட்டு முடுக்கிய டாப் கவரின் பின்மூலையிலிருந்து மட்டும் கறுப்பாக ஒரு கோடு, எறும்பு வரிசைபோலக் கீழே இறங்கியது.

"மாமா, டாப் கவர் பேக்கிங்தான் போயிருக்கு. கியர் பெட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"அட" என்றார் மாமனார். ஐந்து மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற புது பேக்கிங்கும் ஐந்து லிட்டர் ஆயில் கேனும் வாங்கி வந்தேன். கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து முடுக்கினேன். வேலை சுத்தம். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை.

ஒழுகிய எண்ணெயை ஈடுகட்ட வேண்டும் அல்லவா? அளவு பார்க்கிற குச்சியை உருவினேன். நுனியில் மட்டும் எண்ணெய். லாரி சரிவான தரையில் மூக்கைத் தூக்கி நின்றுகொண்டிருக்கிறது, குச்சி குறைவாகத்தான் காட்டும் என்பது டிப்ளமா படித்தவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டு உடனே மறுபடி உருவினேன். ஊற்றியது கீழே இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதும் தோன்றவில்லை. இன்னும் குறைவு. எண்ணெய் இல்லாமல் இன்ஜின் இறுகிப்போனால் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பயத்தில் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா மாமா?"

"நான் ஏறிக்கிறேன். என் வண்டிமா அது."

பக்கத்து வீட்டு சேவியர் அண்ணனைக் கூப்பிட்டேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். அவரும் நானுமாக மாமனாரைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். மேல்மூடியைப் பூட்டிவிட்டு நான் இறங்கி, முன்னால் குனிந்து அடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி எங்கள் வீட்டுச் சுவர்.

இன்ஜின் ஓடியது. ஒரு சொட்டு இல்லை.

"கொஞ்சம் ரேஸ் குடுங்க மாமா" என்றேன் பெருமையாக.

அவர் வலது காலால் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு எடுத்தார். சத்தம் குறையவில்லை. கூடியது. இன்னும் கூடியது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, தெருவே மறைந்தது. மாமனார் சாவியைத் திருப்பி அணைப்பது தெரிந்தது. இன்ஜின் அணையவில்லை. சாவியை உருவி என்னிடம் காட்டினார். சாவி அவர் கையில், லாரி ஓடிக்கொண்டிருக்கிறது.

டீசல் இன்ஜினில் ஆயில் அளவுக்கு மிஞ்சிப் போனால், அந்த ஆயிலே காற்றுப் போகிற வழியில் உள்ளே நுழைந்து டீசலுக்குப் பதிலாக எரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் அதற்குச் சாவியும் வேண்டாம், டீசலும் வேண்டாம், உங்கள் அனுமதியும் வேண்டாம். வெடிக்கிறவரைக்கும் வேகமெடுத்துக்கொண்டே போகும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். உடம்புக்குள் எலும்பு நடுங்குகிற சத்தம்.

"இன்ஜின் வெடிக்கப்போது, ஓடு!" என்றார் சேவியர் அண்ணன். சொன்னவர் நிற்கவில்லை. (காற்றை அடைக்கச் சாக்கு எடுக்கத்தான் போனேன் என்று இன்றுவரை சொல்கிறார். சாக்குதான்.)

நானும் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, கால்கள் ஓடின. செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. தெருமுனை டீக்கடை வரைக்கும் ஓடிவிட்டுத்தான் மூச்சு வாங்கினேன். அங்கே ஏற்கெனவே பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது.

"உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

என் மாமனார் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

புகை ஒரு கணம் விலகியது. அவர் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. குனிந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இரண்டு கைகளாலும் தூக்கிக் கிளச்சின்மேல் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. கியரில் மாட்டி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். செய்ய ஒரு கால் இல்லை.

எப்படித் திரும்பி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டே ஓடினேன் என்று டீக்கடைக்காரர் சொல்வார். இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். சூடான இன்ஜின் மூடிமேல் குப்புற விழுந்து, அவர் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்தேன்.

"கிளச்ச அமுக்குமா" என்றார் என் காதுக்குள். குரல் பதறவேயில்லை.

இரண்டு கைகளாலும் அமுக்கினேன். கியரை மேலே தள்ளினார். வலது காலால் பிரேக்கை முழுக்க மிதித்தார்.

"இப்ப வுடு."

விட்டேன். லாரி இரண்டடி முன்னால் துள்ளியது. என் தலை மாவுக்கட்டில் மோதியது. இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியில், நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகள் போகும் சத்தம் மெல்லக் கேட்க ஆரம்பித்தது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் புருவத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"ஆயிலு எவ்ளோ ஊத்துனே?"

"முழு கேன் மாமா."

அவர் சாவியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒழுக்கு நின்னுச்சா?" என்றார்.

சாயங்காலம் ஜெரால்டு கூட்டிவந்த மெக்கானிக், அதிகமாக இருந்த ஆயிலை வடித்தெடுத்து, காற்றுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, சரிபார்த்து ஓட்டிக் காட்டினார். இன்ஜின் பிழைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். மறுநாள் கம்பெனி வாசலில் டார்ச் அடித்துப் பார்த்தவருக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. வேலை கிடைத்தது. நான் போட்ட பேக்கிங் இன்றுவரை கசியவில்லை என்பதை இந்தக் கதை சொல்லும்போது யாருமே குறிப்பிடுவதில்லை.

அதற்குப் பதிலாக, நான் பால் வாங்கக் கிளம்பினாலும் மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "போய்ட்டுத் திரும்பி வருவ இல்ல?" என்கிறார். விருந்தாளிகள் இருந்தால் கொஞ்சம் சத்தமாக.

போன கிறிஸ்துமஸுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். யாரோ கேட்டார்கள், மருமகள் ஓடிப்போனபோது உங்களுக்குப் பயமாக இல்லையா என்று. இத்தனை வருடத்தில் நான் கேட்கப் பயந்த கேள்வி அது.

மாமனார் பிரியாணியை மென்று முழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அவ ஓடச்சொல்லோ பயமே இல்லப்பா. திரும்பி வந்தா பாரு, அப்பதான் பயந்தேன். இன்னொரு கேன் எடுத்துகினு வந்துட்டாளோன்னு."