சுத்தத்துக்கு ஒரு கோப்பை

"மறுபடியுமா!" என்று சோப்பம்மா போட்ட சத்தத்தில் பிரசவ வார்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டன.

மறுபடியும்தான். எந்த ஆண்டிபயாடிக்குக்கும் மசியாத அந்தக் கிருமி, ஆண்கள் வார்டிலிருந்து கிளம்பி, ஆபரேஷன் வார்டைப் பார்த்துவிட்டு, இப்போது இங்கே ஒரு பெண்ணின் தையல் புண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது. அது போகிற வழியைக் கண்டுபிடித்து மறிப்பதுதான் அவள் வேலை. தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று பெயர்ப்பலகை சொன்னது. எதிர்ப்பட்டவரை எல்லாம் கை கழுவ விரட்டியதால் ஆஸ்பத்திரி சோப்பம்மா என்றது.

"பளிங்கு மாதிரி இருந்த வார்டு! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சு மேடம்," என்று தலைமை நர்ஸ் கையை நீட்டினாள்.

"தோல் திரும்ப வளரும். அந்தப் பொண்ணுக்கு எந்த மருந்தக் குடுக்கறது? அதச் சொல்லு!"

கோபம் வராமல் என்ன செய்யும்? அவளுடைய சொந்த அக்கா, இடுப்பு மூட்டு மாற்றி எலும்பு வார்டில் படுத்திருந்தாள். கிருமி இன்னும் அங்கே போகவில்லை. போய்ப் புது மூட்டில் ஒட்டிக்கொண்டால், திரும்ப அறுத்து அதைப் பிடுங்க வேண்டியதுதான். 

அவள் செய்து பார்க்காததா? டாக்டர்களின் போன்களை வாசலிலேயே பிடுங்கி ஒரே பையில் போட்டாள். பை ஓயாமல் அலறியது. பெரிய டாக்டர் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துப் பேசி, இன்னொரு டாக்டரின் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் கைகொடுத்தது கோப்பைதான். இரண்டு காது வைத்த வெள்ளி நிறக் கோப்பை. மாதம் ஒரு தடவை, சுத்தமான வார்டுக்குப் பரிசு. விழுந்து விழுந்து தேய்த்ததற்காக முதலில் ஆண்கள் வார்டுக்கே கொடுத்தாள். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆயா முதல் டாக்டர் வரை அடித்துக்கொண்டார்கள். நோயாளிகள்கூட ஆசையாகத் தடவிப் பார்த்தார்கள். சோப்புக்கு அசையாத ஜனம் கோப்பைக்கு அசைந்தது.

"மாசம் ஒரு தடவைன்னா சோம்பேறித்தனம் வருது. இனிமே வாராவாரம்!" என்று அறிவித்து, கோப்பையைக் குழந்தைகள் வார்டில் கொண்டு வைத்தாள்.

அடுத்த வாரமே குழந்தைகள் வார்டில் கிருமி.

"வாராவாரம் போதாது. தினம்!"

இப்போது கிருமி ஓட்டமாய் ஓடியது. கண் வார்டு, காது வார்டு, தீக்காய வார்டு. பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கத்தினார். சோப்பம்மா லேபில் போய்க் கத்தினாள். "ஒவ்வொரு வார்டா அலசுங்க! எங்க இருக்கு, எங்க இல்லன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் எலும்பு வார்டுக்குப் போனால், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்கற. கூடப் பொறந்தவ கெடக்கற வார்டுக்கு மட்டும் ஓரவஞ்சனை."

"சொந்தம்னு குடுத்தேன்னு பேசுவாங்கக்கா."

"பேசட்டுமே! இதவிட சுத்தமான வார்டு எதுடி?"

உண்மைதான். இத்தனை வார்டு கெட்டும் இது ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. சோப்பம்மா போய்க் கோப்பையை எடுத்து வந்து அக்காவின் மடியிலேயே வைத்தாள். அக்கா அதைக் கன்னத்தோடு அணைத்து, படத்துக்காக ஒரு முத்தமும் கொடுத்தாள். வார்டே கைதட்டியது.

அப்போதுதான் லேப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மேடம், எல்லா வார்டும் அலசிட்டோம்! தோத்த வார்டு ஒண்ணுலகூட அது இல்ல. ஜெயிச்ச வார்டுல மட்டும்தான் இருக்கு!"